வலம்புரி மூலக்கூறும் ஈஸ்டின் நொதியும்

முன்னுரை

அறிவியலைத் தமிழில் கூற இயலுமா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவது. இயலும் என்று மேடைதோறும் முழங்குவதினும், ஆய்வுப்பொருள் ஒன்றனை எடுத்துக்கொண்டு அதனைத் தமிழிலேயே தொடக்கம் முதல் இறுதிவரை கூறிக்காட்டுவது அவ்வினாவிற்குத் தக்க விடையாகும். அந்நோக்கிலேயே இக்கட்டுரை வரையப்படுகின்றது.

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிடம் பலவகை நொதிகள் உள்ளன. அவற்றுள் வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்து, பாக்டீரியா என்னும் பிறிதொரு நுண்ணுயிரின் உடலில் விளைவித்து, அதனைக் கொண்டு மருந்துகளுக்குரிய மூலப்பொருள்களைப் பிழையின்றி ஆக்கும் முறை ஒன்று வேதியியலில் வளர்ந்துள்ளது. அதுவே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. குருதியில் கொழுப்பைக் குறைக்கும் பொருட்டு நம் இல்லங்களில் பெரியோர் உட்கொள்ளும் மாத்திரை வரை இதன் தொடர்பு நீள்கின்றது. ஆதலின் மாணவர்க்கேயன்றிப் பெரியோர்க்கும் இச்செய்தி பயன்படும் என நம்புகின்றோம்.

வலம்புரியும் இடம்புரியும்

மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கப்பெறும் சங்குகளுள் ஏறத்தாழ எல்லாமே இடம்புரியாக இருக்கும். வலம்புரிச் சங்கு கிடைப்பது மிக அரிது. இரண்டும் ஒரே பொருளால் ஆனவை; ஒரே அமைப்பின; சுருளின் திசை ஒன்றே வேறுபாடு. இடம்புரியைக் கண்ணாடிமுன் பிடித்தால் அதனுள் தோன்றுவது வலம்புரியின் உருவம். நம் இரு கைகளும் இத்தகையனவே. வலக்கையின் உறையை இடக்கையில் மாட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மூலக்கூறுகளிலும் இவ்வேறுபாடு உண்டு. கார்பன் அணு ஒன்று நான்கு பிணைப்புகளை ஏற்க வல்லது. அந்நான்கிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால், அம்மூலக்கூறு கண்ணாடி உருவங்களாகிய இரு வடிவங்களில் அமையக்கூடும். அணுக்களின் எண்ணிக்கை, எடை, உருகும் வெப்பநிலை ஆகியவற்றில் அவ்விரண்டும் ஒன்றேபோல் இருக்கும். ஆயினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. வேதியியலார் இவற்றைச் சுட்டத் தனிக் குறியீடுகளைக் கையாள்வர். நாம் விளக்கத்தின் எளிமை கருதி வலம்புரி, இடம்புரி என்றே வழங்குவோம். எது வலம், எது இடம் என்பது இங்கு முதன்மையன்று. இரண்டும் வேறு என்பதே முதன்மையானது.

இவ்வுண்மையை முதன்முதல் கண்டறிந்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஆவார். 1848ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் அகவையில், டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கிய அவர், அவை ஒன்றற்கொன்று கண்ணாடி உருவங்களான இருவகையாக இருப்பதைக் கண்டார். அவற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். பிரித்த இருவகையையும் தனித்தனியே நீரில் கரைத்தபோது, ஒன்று முனைவாக்கப்பட்ட ஒளியை வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் திருப்பின. பத்தாண்டுகள் கழித்து, பூஞ்சை ஒன்று அவ்வமிலத்தின் ஒரு வடிவத்தை மட்டும் உண்டு மற்றதைத் தீண்டாது விட்டதையும் அவர் கண்டார். உயிர் தேர்ந்தெடுக்கும் என்னும் பேருண்மை அன்று புலனாயிற்று.

வடிவம் மாறின் விளைவது யாது?

நம் உடலில் உள்ள புரதங்கள் யாவும் இத்தகைய ஒருபக்க வடிவம் உடைய அமினோ அமிலங்களால் ஆனவை. எனவே உடலுள் நுழையும் பொருளின் வடிவத்தை உடல் அறிந்துகொள்கின்றது. கார்வோன் என்னும் மணப்பொருளை இதற்கு எளிய சான்றாகக் காட்டலாம். இதன் ஒரு வடிவம் புதினா வகையொன்றிற்கு மணம் தருகின்றது. அதன் கண்ணாடி வடிவம் சதகுப்பை விதையில் உள்ளது. அணுக்கள் அவையே, மணமோ வேறு. மூக்கே வடிவத்தைப் பிரித்தறியுமாயின், நரம்பும் குருதியும் அறியாதிருக்குமா?

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு வழங்கப்படும் டோப்பா என்னும் மருந்தின் ஒரு வடிவமே பயன்தருவது. அவ்வடிவத்தை மட்டும் தொழிற்சாலையில் ஆக்கும் வழியைக் கண்ட வில்லியம் நோல்ஸ் 2001ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். தாலிடோமைடு என்னும் மருந்தின் துயர வரலாறும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1957இல் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்த அம்மருந்தைக் கருவுற்ற தாய்மார் உட்கொண்டமையால், பத்தாயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்தனர். 1961இன் இறுதியில் அங்கு அது திரும்பப் பெறப்பட்டது. அதன் ஒரு வடிவம் மட்டுமே தீங்கானது, மற்றதைக் கொடுத்திருந்தால் தீங்கு நேர்ந்திராது எனப் பலரும் எழுதுவர். அது முழு உண்மையன்று; அம்மருந்தின் இரு வடிவங்களும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை. எனினும் மருந்தின் வடிவத்தைக் கருதாது விடலாகாது என்னும் எச்சரிக்கை உலகெங்கும் வலுப்பெற அந்நிகழ்வும் ஒரு காரணமாயிற்று. 1992ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், புதிய மருந்தின் இரு வடிவங்களையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்துடைய நெறிமுறையை வெளியிட்டது.

இங்குதான் வேதியியலாரின் இடர்ப்பாடு தொடங்குகின்றது. கீட்டோன் என்னும் வகையைச் சார்ந்த மூலக்கூறில், ஆக்சிஜனைத் தாங்கும் கார்பன் அணுவைச் சூழ்ந்த பகுதி தட்டைப் பலகைபோல் சமதளமாக இருக்கும். அதனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தல் ஒடுக்கம் எனப்படும். ஹைட்ரஜன் பலகையின் மேற்புறமாகச் சேர்ந்தால் ஒரு வடிவமும், கீழ்ப்புறமாகச் சேர்ந்தால் மற்றொரு வடிவமும் உண்டாகும். சாதாரண வேதிப்பொருளைக் கொண்டு ஒடுக்கினால், அதற்கு மேலும் கீழும் ஒன்றே ஆதலின், இரண்டும் சரிபாதியாகக் கலந்து விளையும். ஒருபாதி வேண்டியது, மறுபாதி வீண். பாஸ்டரைப் போல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தொழில் நடத்தல் ஆகுமா? ஆகாது. மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்று அறிந்து பணிபுரியும் தொழிலாளி ஒருவர் தேவை. அத்தொழிலாளியே நொதி.

நொதி: சொல்லும் பொருளும்

உயிர்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதத்தை ஆங்கிலத்தில் என்சைம் என்பர். இச்சொல்லை 1878ஆம் ஆண்டளவில் செருமானிய அறிஞர் வில்லெம் கூனே வழக்கிற்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் இதற்குப் 'புளிப்பூட்டியினுள் இருப்பது' என்பது பொருள். தமிழில் மாவு புளித்துப் பொங்குதலை நொதித்தல் என்கின்றோம். அதன் அடியாகவே நொதி என்னும் கலைச்சொல் பிறந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை நொதியம் என்றும், ஈஸ்டை மதுவம் என்றும் வழங்குகின்றன. அரபு மொழியினர் ஈஸ்டைக் கமீரா என்பர். கிரேக்கரும் தமிழரும் தொலைவில் வாழ்ந்தோரே; எனினும் இருமொழிச் சொல்லும் ஒரே சட்டியின் மாவைச் சுட்டி நிற்றல் எண்ணி மகிழத்தக்கது.

கூனே சொல்லைத் தந்தார். பொருளை மெய்ப்பித்தவர் எடுவர்டு புக்னர். 1897ஆம் ஆண்டு அவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, உயிரணுக்களைச் சிதைத்துப் பிழிந்த சாற்றில் சர்க்கரையைச் சேர்த்தார். உயிரற்ற அச்சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்தது. உயிர் இல்லாவிடினும் உயிரின் கருவி தொழிற்படும் என்பது தெளிவாயிற்று. அவருக்கு 1907இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே, 1894இல், எமில் பிஷர் நொதியையும் அது வினைபுரியும் பொருளையும் பூட்டிற்கும் சாவிக்கும் ஒப்பிட்டிருந்தார். நொதியின் உடலில் ஒரு பள்ளம் உண்டு. கீட்டோன் மூலக்கூறு அப்பள்ளத்தில் ஒரு குறித்த கோணத்தில் மட்டுமே அமரும். அமர்ந்த நிலையில் அதன் ஒருபுறம் மறைந்துவிட, மறுபுறம் மட்டுமே ஹைட்ரஜனை ஏற்கத் திறந்திருக்கும். எனவே ஒரே வடிவம் விளைகின்றது.

ஈஸ்ட் என்னும் கூட்டுப்பட்டறை

ரொட்டிக் கடையில் கிடைக்கும் ஈஸ்டைக் கொண்டே கீட்டோன்களை ஒடுக்கலாம் என்பதை வேதியியலார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அறிவர். சர்க்கரை நீரில் ஈஸ்டைக் கரைத்து, எத்தில் அசிட்டோ அசிட்டேட் என்னும் பொருளைச் சேர்த்து, நாட்கணக்கில் கலக்கிக்கொண்டிருந்தால் அது ஒடுக்கம் பெறும். விலை குறைவு, நஞ்சு இல்லை, சாதாரண வெப்பநிலையே போதும். ஆதலின் இம்முறை 1980களில் பெரிதும் பரவியது.

ஆயினும் இதில் இரு குறைகள் இருந்தன. பொருள் சிறிது, ஈஸ்டோ பெருமளவு. வினை முடிந்தபின் கூழ்போன்ற கலவையிலிருந்து விளைபொருளைப் பிரித்தெடுத்தல் பெரும்பாடு. இரண்டாவது குறை அதனினும் பெரிது. மேற்கூறிய எளிய பொருளிலேயே, நூறு மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 93 ஒரு வடிவமாகவும் 7 மறுவடிவமாகவும் விளைந்தன. நொதி பிழைபுரியாது எனில், இந்த ஏழு எங்கிருந்து வந்தன?

இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் சி குழுவினர் குறிப்பிடத்தக்கவர். 1983இல் அவர்கள் குளோரின் அணு ஏந்திய அசிட்டோ அசிட்டேட் எஸ்டர்களை எடுத்துக்கொண்டனர். எஸ்டரின் வால்பகுதி குட்டையாக இருந்தபோது ஒரு வடிவம் மிகுந்தது. அதே மூலக்கூறின் வாலை எட்டுக் கார்பன் அளவிற்கு நீட்டியபோது எதிர்வடிவம் மிகுந்தது. ஈஸ்ட் ஒன்றே, கீட்டோன் பகுதியும் ஒன்றே, வால் நீண்டதும் விளைவு தலைகீழாயிற்று. இதிலிருந்து அவர்கள் உய்த்துணர்ந்தது யாதெனில், ஈஸ்டின் உயிரணுவினுள் ஒன்றல்ல, பல நொதிகள் ஒரே பொருளுக்காகப் போட்டியிடுகின்றன. அவற்றுள் சில மேற்புறமும் சில கீழ்ப்புறமும் ஹைட்ரஜனைச் சேர்க்கின்றன என்பதே. பின்னர் அந்நொதிகளைப் பிரித்தெடுத்தும் அவர்கள் இதனை உறுதிசெய்தனர்.

ஒவ்வொரு நொதியும் தன் கடமையில் பிழையற்றதாக இருக்கலாம். ஆயினும் எதிரெதிர்ப் போக்குடைய பலர் ஒரே பட்டறையில் ஒரே பொருளில் கைவைத்தால் விளைவு கலப்படமாகவே முடியும். நம் ஆய்வுப்பொருளின் உயிர்நிலை இதுவே. குறை தொழிலாளியிடம் இல்லை; கூட்டத்தில் உள்ளது. எனவே வேண்டிய தொழிலாளியைத் தனியே அழைத்து, வேறொரு பட்டறையில் அமர்த்துதல் வேண்டும்.

பாக்டீரியாவில் குடியேற்றம்

அப்பட்டறையாக அறிவியலார் தேர்ந்தது எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியா. சுருக்கமாக ஈ.கோலை என்பர். 1885இல் தியோடர் எஷரிக் என்பவர் கண்டறிந்த இந்நுண்ணுயிர் மனிதர் குடலில் வாழ்வது. தக்க உணவும் வெப்பமும் கிடைப்பின் ஏறத்தாழ இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பது. பிற உயிரின் மரபணுவைப் பாக்டீரியாவில் ஏற்றிப் பெருக்கலாம் என்பதை 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் தம் குழுவினருடன் செய்து காட்டினர்.

இக்குடியேற்றம் நிகழும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவது, மரபணுவைத் தேடல். 1996இல் ஈஸ்டின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. ஒரு கோடியே இருபது இலட்சம் எழுத்துகளைக் கொண்ட அந்நூலில் 5885 மரபணுக்கள் இருக்கக்கூடும் என அன்று கணக்கிட்டனர். ஒடுக்க நொதிகளை ஆக்கும் மரபணுக்கள் எவையெவை என்பதை அதில் தேடிக் காணலாம்.

இரண்டாவது, படியெடுத்தல். வேண்டிய மரபணுவை மட்டும் பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறையால் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குவர். ஈண்டு ஒரு நற்பேறு குறிப்பிடத்தக்கது. உயர்நிலை உயிர்களின் மரபணுக்களில் பொருளோடு ஒட்டாத இடைப்பகுதிகள் மிகுதி. ஏட்டுச்சுவடியில் பதிப்பாசிரியர் கண்டு நீக்கும் இடைச்செருகல்கள் போன்றவை அவை. அவற்றை நீக்கிப் படிக்கும் திறன் பாக்டீரியாவுக்கு இல்லை. ஈஸ்டின் மரபணுக்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்விடைச்செருகல் இல்லாமையால், அவற்றை உள்ளவாறே எடுத்துப் பாக்டீரியாவிடம் ஒப்படைக்கலாம்.

மூன்றாவது, ஒட்டுதல். பாக்டீரியாவினுள் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. அவ்வளையத்தை வெட்டும் நொதியால் வெட்டி, ஈஸ்டின் மரபணுவை இடையில் வைத்து, ஒட்டும் நொதியால் ஒட்டுவர். அரபுத் தமிழில் எழுதப்பெற்ற நூல் தமிழே ஆயினும், அவ்வெழுத்தை அறிந்தார்க்கே அதன் வாயில் திறக்கும். அதுபோல மரபணுவின் பொருள் எல்லா உயிர்க்கும் பொதுவே ஆயினும், 'இங்குத் தொடங்குக' என்னும் முன்குறி பாக்டீரியா அறிந்ததாக இருத்தல் வேண்டும். ஆதலின் ஈஸ்டின் மரபணுவுக்கு முன்னர்ப் பாக்டீரியாவுக்கு உரிய தொடக்கக் குறி பொருத்தப்படுகின்றது.

நான்காவது, விளைவித்தல். வளையத்தை ஏற்ற பாக்டீரியாக்களை ஊட்டநீரில் வளர்த்து, போதிய அளவு பெருகியபின் தூண்டுபொருள் ஒன்றைச் சேர்ப்பர். உடனே அவை ஈஸ்டின் நொதியை மிகுதியாக ஆக்கத் தொடங்கும். சிலவேளை அவசரத்தில் ஆக்கப்பட்ட புரதம் சரிவர மடியாது கட்டிகளாகத் திரண்டு பயனற்றுப் போவதும் உண்டு. அப்போது வெப்பத்தைக் குறைத்து, ஆக்கத்தின் விரைவைத் தணித்துப் பார்ப்பர். விரைவினும் செம்மை பெரிது என்பது நுண்ணுயிர்க்கும் பொருந்துகின்றது.

பதினெட்டு நொதிகளின் தேர்வு

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டூவர்ட் தலைமையிலான குழுவினர் இத்துறையில் ஆற்றிய பணி சிறப்பாக எண்ணத்தக்கது. தொடக்கத்தில் அவர்கள் ஈஸ்டையே திருத்த முயன்றனர். வேண்டாத நொதியின் மரபணுவை முடக்கியும், வேண்டிய நொதியின் மரபணுவை மிகுவித்தும் விளைபொருளின் தூய்மையை உயர்த்தினர். 1999இலும் 2001இலும் அம்முடிவுகள் வெளிவந்தன. ஆயினும் ஈஸ்டில் ஒன்றை முடக்கினும் எஞ்சியவை பல. எனவே நொதிகளை ஈ.கோலையில் தனித்தனியே விளைவிக்கும் வழியை மேற்கொண்டனர்.

2004இல் வெளியான அவ்வாய்வில், ஈஸ்டின் 18 ஒடுக்க நொதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஈ.கோலையில் ஆக்கப்பட்டன. ஒவ்வொரு நொதியோடும் குளூட்டாதயோன் என்னும் பொருளைப் பற்றிக்கொள்ளும் மற்றொரு புரதம் வால்போல் இணைக்கப்பட்டிருந்தது. குளூட்டாதயோன் பூசிய மணிகள் நிறைந்த குழாயில் பாக்டீரியாவின் சாற்றை ஊற்றினால், வாலுடைய நொதி மட்டும் மணிகளைப் பற்றி நிற்கும். ஏனைய புரதங்கள் வழிந்தோடிவிடும். இவ்வாறு ஒரே படியில் தூய்மை செய்த நொதிகளை 11 கீட்டோ எஸ்டர்களோடு தனித்தனியே சேர்த்து ஆராய்ந்தனர். பதினெட்டும் பதினொன்றும் பெருக்கின் 198 தேர்வுகள்.

முடிவுகள் சிந்தனைக்குரியன. ஒரு நொதியின் தேர்வுத்திறன் அந்நொதியை மட்டுமன்றி, அதன்முன் வைக்கப்பட்ட பொருளின் அமைப்பையும் பொறுத்திருந்தது. ஒரு பொருளில் ஒருவடிவத்தையே தந்த நொதி பிறிதொரு பொருளில் எதிர்வடிவத்தைத் தந்ததும் உண்டு. எனவே 'சிறந்த நொதி' எது என்று பொதுவாகக் கேட்டல் பொருந்தாது. 'இப்பொருளுக்குச் சிறந்த நொதி எது' என்றே கேட்டல் வேண்டும். ஆல்பா கீட்டோ எஸ்டர்களில் பொதுவாகத் தேர்வுத்திறன் சற்றுக் குறைந்திருந்தபோதிலும், ஒன்றே ஒன்று நீங்கலாக ஏனைய அனைத்திலும், வலம்புரியைத் தூய்மையாகத் தரும் ஒரு நொதியையும் இடம்புரியைத் தூய்மையாகத் தரும் மற்றொரு நொதியையும் இணையாகக் காண முடிந்தது. கூட்டமாக இருந்தபோது ஒன்றன் பணியை ஒன்று கெடுத்த நொதிகளே, தனித்தனியே அமர்த்தப்பட்டபோது இரு வடிவங்களையும் தூய்மையாகத் தரும் செல்வங்களாயின. மேலும், எந்த நொதி நன்கு பணிபுரிகின்றது என்று கண்டவுடன் அதன் மரபணுவும் கையில் இருக்கின்றது. வேண்டியபோது வேண்டிய அளவு விளைவித்துக்கொள்ளலாம்.

நொதிக்கு ஊதியம்

நொதி வெறுங்கையோடு ஹைட்ரஜனைச் சேர்க்க இயலாது. அதற்கு ஹைட்ரஜனைக் கொண்டுவந்து தரும் துணைப்பொருள் வேண்டும். என்.ஏ.டி.பி.எச். எனச் சுருக்கமாக வழங்கும் அத்துணைப்பொருள் விலை மிக உயர்ந்தது. ஒருமுறை ஹைட்ரஜனை வழங்கியபின் அது வெறுமையாகிவிடும். ஒரு மூலக்கூறு மருந்துக்கு ஒரு மூலக்கூறு துணைப்பொருள் எனச் செலவிட்டால் எந்தத் தொழிலும் நிலைக்காது. எனவே வெறுமையானதை மீண்டும் நிரப்பும் வழி தேவை.

ஜப்பானின் கனேக்கா நிறுவனத்தாரும் கியோட்டோ பல்கலைக்கழகத்தாரும் கூடி 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகிய விடை தந்தது. அவர்கள் கேண்டிடா மேக்னோலியே என்னும் வேறொரு வகை ஈஸ்டின் ஒடுக்க நொதிக்குரிய மரபணுவை ஈ.கோலையில் ஏற்றினர். அதே பாக்டீரியாவில், குளுக்கோசிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துத் துணைப்பொருளை நிரப்பும் மற்றொரு நொதியின் மரபணுவையும் ஏற்றினர். ஒருவர் சுமையை இறக்க, மற்றவர் வண்டியை நிரப்பி அனுப்புகின்றார். செலவாவது மலிவான குளுக்கோசு மட்டுமே. துணைப்பொருளின் ஒவ்வொரு மூலக்கூறும் 21,600 முறை மீண்டும் மீண்டும் பயன்பட்டது. நீரும் கரிமக் கரைப்பானும் இரு அடுக்காக நின்ற கலத்தில், கரைப்பான் அடுக்கில் லிட்டருக்கு 430 கிராம் வரை விளைபொருள் சேர்ந்தது. அதில் மறுவடிவத்தின் கலப்பே காணப்படவில்லை. ரொட்டி ஈஸ்டின் கூழில் நாட்கணக்கில் கலக்கிச் சிறிதளவு பொருள் எடுத்த நிலையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

அவ்வாறு விளைந்த குளோரோ ஹைட்ராக்சி பியூட்டனோயேட் என்னும் பொருள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளுக்கு, குறிப்பாக அட்டார்வாஸ்டாட்டினுக்கு, அடிக்கல்லாகப் பயன்படுவது. மருத்துவர் எழுதித்தரும் சிறு மாத்திரையின் மூலக்கூறில் வலம் இடம் பிறழாது அமைந்த மூலை ஒன்று உண்டு. அம்மூலையை அமைக்க ஈஸ்டின் நொதியும் பாக்டீரியாவின் உழைப்பும் துணைநிற்க வல்லன என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகின்றது. படைத்தவன் ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு அமைத்துள்ளான் என்று நம்புவோர்க்கு அவ்வியப்பு நன்றியாகவும் மலரும்.

எழக்கூடிய ஐயங்கள் சில

இவ்வினையில் விளைவது ஆல்கஹால் வகைப் பொருள் என்று வேதியியல் நூல்கள் கூறும். அதுகேட்டு நம்மவர் சிலர் தயங்கக்கூடும். ஆல்கஹால் என்பது வேதியியலில் ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். மதுவிலுள்ள எத்தனால் அக்குடும்பத்தின் ஓர் உறுப்பினர் மட்டுமே. இங்கு விளையும் பொருள்கள் மருந்தாக மேலும் மாற்றப்படும் இடைப்பொருள்கள். போதை தருவன அல்ல. அச்சொல்லின் பிறப்பும் கருதத்தக்கது. அரபு மொழியில் 'அல் குஹ்ல்' என்பது கண்ணில் இடும் சுர்மாவின் நுண்பொடியைக் குறிக்கும். ஐரோப்பியர் அதனை ஏற்று, முதலில் நுண்பொடிக்கும், பின்னர் வடித்தெடுத்த சாரத்திற்கும் பெயராக்கினர். கண்ணுக்கு இடும் மையின் பெயரே வேதியியலின் பெருங்குடும்பத்திற்கு வாய்த்தது.

பாக்டீரியாவில் விளைந்ததை உடலில் ஏற்கலாமா என்னும் ஐயமும் எழலாம். இது புதிய வழக்கமன்று. நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலினை முன்னர்ப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுத்தனர். 1978இல் மனித இன்சுலின் ஈ.கோலையில் ஆக்கப்பட்டது, 1982இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. பன்றியின் உறுப்பை நாடாமல் மருந்து பெறும் வழி அதனால் திறந்தது என்பதை நம் சமுதாயப் பெரியோர் நன்கறிவர். இத்தகைய பணிகளுக்கு எடுத்துக்கொள்வது, நோய் பரப்பும் ஆற்றலற்ற, ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பழகிய ஈ.கோலை வகைகளையே. எனினும் மரபணு மாற்றிய உயிர்களை வெளியே விடாது காத்தலும், பணி முடிந்தபின் அவற்றை முறையாக அழித்தலும் ஆய்வாளர் கடமை. அக்கடமையில் சோர்வு கூடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒருண்மை தெளிவாகின்றது. பலர் கூடிக் குழப்பிய இடத்தில் ஒருவரைத் தேர்ந்து, அவர்க்குரிய பணியையும் இடத்தையும் துணையையும் தந்தால், செயல் செம்மையாக முடிகின்றது. பாஸ்டர் படிகங்களைக் கையால் பிரித்தார். இன்றைய அறிவியலார் படிகங்களைப் பிரிப்பதற்கு மாறாக, பிரித்தறிந்து ஆக்கும் நொதிகளையே பிரித்துவிட்டனர். இதுவே இடைப்பட்ட காலத்தின் வளர்ச்சி.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கலைச்சொல்லாக்கத்தில் நாம் படும் இடர்ப்பாடும் ஈஸ்டின் இடர்ப்பாடே. ஒரே கருத்துக்குப் பல சொற்களும், ஒரே சொல்லுக்குப் பல கருத்துகளும் போட்டியிட்டால் படிப்போர் மனத்தில் கலப்படமே விளையும். ஒரு பொருளுக்கு ஒரு சொல், அச்சொல்லுக்கு அப்பொருள் எனப் பொருந்தி நிற்பதே அறிவியல் தமிழின் செம்மை. வலம்புரி, இடம்புரி, இடைச்செருகல், நொதி முதலிய சொற்கள் நம்மிடம் முன்னரே உள்ளன. பொருளைத் தெளிவாக அறிந்தவர்க்கு அவை தாமே முன்வந்து நிற்கும். சொல் இல்லை என்பாருள் பலர், உண்மையில் பொருளைத் தெளிய அறியாதவரே.

ஆகவே, தமிழ்த்துறை மாணவச் செல்வங்கள் வேதியியல், விலங்கியல், தாவரவியல் பயிலும் தம் தோழர்களோடு அமர்ந்து, அவர்கள் படிக்கும் பாடம் ஒன்றைக் கேட்டறிந்து, ஆண்டிற்கு ஒரு கட்டுரையேனும் தமிழில் எழுதி இம்மலருக்கு அளித்தல் வேண்டும். தமிழ்வழி பயின்று வந்து, கல்லூரியின் முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மருளும் மாணவர் ஒருவர்க்கு அக்கட்டுரை கைகொடுக்குமாயின், எழுதியவர் பெற்ற பயன் சிறிதன்று. அம்முயற்சிக்கு எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவானாக.